கதவுக்கு ஒரு அடி

அந்தத் தெருவில் நாற்பத்தொரு கதவுகள். அவற்றுள் முப்பத்தெட்டு, அவள் தன் கையால் பற்றவைத்த இரும்புக் கதவுகள். எஞ்சிய மூன்று மரக்கதவுகளின் சொந்தக்காரர்களும் அவளைக் காணும்போதெல்லாம், "வர்ற வருஷம் நிச்சயமா உன்கிட்டதாம்மா" என்று தலையைச் சொறிந்துகொள்வார்கள். இப்படியாக, பிறந்தபோது வைத்த பெயர் காணாமற்போய், அனைவருக்கும் அவள் 'கேட்' போடும் அக்கா, சுருக்கமாகக் கேட்டக்கா ஆகியிருந்தாள். மில்காரர் மட்டும் அவளைத் தங்கச்சி என்று அழைப்பார். அவர் மாவு மில் வைத்திருந்தார். தெருச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார்.

அவளுடைய பட்டறை தெருவின் நடுவே, வீட்டின் முன்னறையில் இருந்தது. வெல்டிங் ராடை இரும்பில் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் "திரும்பு!" என்று உரக்கக் குரல் கொடுப்பாள். கல்யாணமான முதல் வாரத்தில், கணவன் பற்றவைக்கும் வெளிச்சத்தை வேடிக்கை பார்த்துவிட்டாள். அப்போது ஒன்றும் தெரியவில்லை. அழகாக இருக்கிறதே என்றுகூடச் சிரித்தாள். ஏழெட்டு மணி நேரம் கழித்து, யாரோ இமைகளைப் பிரித்துச் சுடுமணலை அள்ளிக் கொட்டியதுபோல் ஆயிற்று. இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. கணவனுக்கு இரும்பில் இருந்த அக்கறை ஆட்களிடம் இல்லாததால், அன்றுமுதல் குரல் கொடுக்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள்.

பதினொரு வருடங்களாகத் தெரு அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டது. டீ குடிப்பவர் டம்ளரோடு திரும்புவார். ஒருமுறை சைக்கிளில் போனவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டினார். குரல் வரவில்லையென்றால், அது கிரைண்டரில் இரும்பை அறுக்கும் தீப்பொறி மட்டுமே. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த வெளிச்சம் கண்ணை என்ன செய்யும் என்பது அவளையும் அவள் மாமியாரையும் தவிர அங்கே யாருக்கும் அனுபவத்தில் தெரியாது. தெரிய வேண்டிய அவசியத்தை அவள் வைக்கவில்லை.

அந்தத் தெருவுக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. கதவுக்கு ஒரு அடி. திருடனோ, பெண்களிடம் வாலாட்டியவனோ, யார் பிடிபட்டாலும் ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒருவர் வந்து ஒரே ஓர் அடி அடிக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கையில் எது அகப்பட்டாலும் சரி. குழந்தைகளை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். இதை ஏற்படுத்தியவர்கள் கோபக்காரர்கள் அல்லர், முன்யோசனைக்காரர்கள். எல்லார் கையும் பட்ட இடத்தில் சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சுவதில்லை அல்லவா? போலீஸ் வந்து கேட்டால் நாற்பத்தொரு வாயிலிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "நான் எதையும் பாக்கலீங்க ஐயா." அடிக்க வராத கதவு தெருவின் கதவு அல்ல. அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயில் முறை கிடையாது. சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் கிடையாது.

அவள் கணவன் ஆறு வருடங்களுக்கு முன், கால்வாய்க்கு அக்கரையில் இருப்பவர்களோடு நடந்த கைகலப்பில் மண்டையில் அடிபட்டுச் செத்தான். தெருமுனையில் அவன் படம் போட்ட பெரிய போர்டு நின்றது. போர்டுக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தவளும் அவள்தான். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் அவளைப் போர்டின் கீழே நிற்கவைத்து மில்காரர் பேசுவார். "இந்தத் தெருவோட மானம் இதோ நிக்குது" என்பார். அவள் தலை குனிந்து நிற்பாள். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், தெரு அவளைக் கைவிடவில்லை. முப்பத்தெட்டு வீட்டுக்கும் இரும்புக் கதவு தேவைப்பட்டது என்பதில்லை. அவளுக்குச் சோறு போடத் தெரு கண்டுபிடித்த மரியாதையான வழி அது. ஆதலால் அந்தத் தெருவை வெறுக்கவும் அவளால் முடியவில்லை.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. போர்டுக்கு வயதாவதில்லை.

இரும்புத் தகடும் கீலும் ராடும் கொண்டுவந்து இறக்குபவன் ஒரு டெம்போக்காரன். கால்வாய்க்கு அக்கரையைச் சேர்ந்தவன். அந்தக் கைகலப்பு நடந்த வாரம் முழுக்க அவன் வெளியூர் லோடில் இருந்தான். ஆயினும் அக்கரை அக்கரைதான். சரக்கை இறக்கிவிட்டு, வாசலோடு நின்று, காசை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அவளை அவன் மேஸ்திரி என்று அழைத்தான். அவள் அவனை டெம்போ என்றே அழைத்தாள்.

"மேஸ்திரி, ஊருல எல்லார் வீட்டுக்கும் கதவு போட்டீங்க. உங்களுக்குன்னு ஒரு ஜன்னல்கூட வெச்சுக்கலையே?"

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது. உள்ளேயிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, விழுந்தது சுத்தியல்தான் என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போனாள்.

இரண்டு வருடங்கள் அந்தச் சிரிப்பு அவ்வப்போது வந்து போயிற்று. பிறகு அவளால் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே வேற ஊருக்குப் போயிடலாம்" என்றாள்.

"நீங்க என்ன திருட்டுச் சாமானா, மறைச்சுக் கொண்டுபோக? முறையா வந்து கேக்கறேன்."

"கேக்கற காது இங்க யாருக்கும் இல்ல. தயவு செஞ்சு வராதீங்க."

அவன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பிஸ்கட் பெட்டியுமாக, டெம்போவைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினான். மில்காரரைக் கும்பிட்டான்.

"ஐயா, உங்க தங்கச்சியைக் கட்டிக்க உங்க சம்மதம் கேட்டு வந்திருக்கேன்."

மில்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டார். திறந்து பார்த்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"பிள்ளைங்களை உள்ள வெச்சுப் பூட்டுங்க" என்றார்.

நாற்பது தாழ்ப்பாள்கள் அடுத்தடுத்து விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றின் சத்தமும் எந்த வீட்டினுடையது என்று அவளுக்குத் தெரியும். பட்டறையிலிருந்து ஓடிவந்தவளை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி எதிர்வீட்டுத் தையல்கார அக்கா. பதினொரு வருடங்களாக அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். "பேசாம இருடி. நீ குறுக்க போனா அந்த ஆளைக் கொன்னே போடுவாங்க" என்று காதருகே சொல்லிக்கொண்டே, கையை மட்டும் விடவில்லை.

முதல் அடி அவளுடைய கொழுந்தனுடையது. பஸ் கண்டக்டரான அவன் பெல்ட்டைக் கையில் சுற்றி, பக்கிள் வெளியே தெரியும்படி பிடித்திருந்தான்.

"எங்க அண்ணனைக் கொன்ன ஊருலேர்ந்து வந்து எங்க அண்ணியையே கேக்கறியா?"

புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. டெம்போக்காரன் அதைத் துடைக்கக் கையைத் தூக்குவதற்குள், டியூஷன் வாத்தியார் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் குரலில் சொன்னார்: "ஒண்ணு."

எண்ணும் வேலை எப்போதும் அவருடையது.

அதன்பின் வரிசை கட்டி வந்தார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை. கிரிக்கெட் மட்டை விலாவில் இறங்கியது. காய்ந்த மூங்கில் ஒடிவதுபோல் உள்ளே ஏதோ ஒடிந்தது. செருப்பு வந்தது. சப்பாத்திக் கட்டை வந்தது. மளிகைக் கடைக்காரர் எடைக்கல்லைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து, வாயில் அடித்தார். இரண்டு பற்கள் பிஸ்கட் பெட்டியின் அருகே விழுந்தன. பதினேழாவது கதவின் சொந்தக்காரர், தன் வீட்டு இரும்புத் தாழ்ப்பாளையே கழற்றி எடுத்து வந்திருந்தார். போன மாதம்தான் அவள் அதைக் கடைந்து, முனை மழுங்கத் தேய்த்து, "பிள்ளைங்க கையில படாதுண்ணே" என்று சொல்லிப் பொருத்தினாள். அது அவன் முழங்கையில் விழுந்தபோது எலும்பு உடைந்த சத்தம் தெருவின் இரண்டு கோடிக்கும் கேட்டது. அவன் அலறினான்.

"பதினேழு" என்றார் வாத்தியார்.

விழுந்தவனைத் தூக்கி நிறுத்த இருவர் இருந்தார்கள். கீழே கிடப்பவனை அடிப்பது அவர்கள் பார்வையில் நாகரிகம் அல்ல.

முப்பத்தாறாவதாகத் தையல்கார அக்காவின் முறை வந்தது. அவள் மர ஸ்கேலை எடுத்து வந்து அவன் தோளில் மெல்லத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

"இதெல்லாம் சேர்த்தி இல்ல. துணி அளக்கறியா? ஒழுங்கா ஒண்ணு போடு" என்றார் வாத்தியார். கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள்.

தையல்கார அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேலை ஓங்கினாள். அது உடைந்த முழங்கையிலேயே விழுந்தது. இம்முறை அவனுக்கு அலறவும் குரல் வரவில்லை.

நாற்பது முடிந்தபோது அவன் முகம் முகமாக இல்லை. எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மீதி இருந்த கதவு அவளுடையது.

"அந்த வீட்டு அடியை நான் போடறேன்" என்று கொழுந்தன் மறுபடியும் பெல்ட்டைச் சுற்றினான்.

"உனக்குத் தனிக்கதவு இருக்குல்ல? முறை தப்பக் கூடாது" என்று மில்காரர் அவனைத் தடுத்தார். பிறகு, மகளுக்கு நகை தெரிவு செய்யும் தகப்பனைப்போல் கனிவாகச் சொன்னார்: "தங்கச்சி கை ஓங்க வேணாம்மா. உன் தொழில்தான் உன் அடி. இவனை இவன் டெம்போவுல ஏத்தி, பின்கதவை நீ பத்தவெச்சிரு. பாலம் வரைக்கும் நாங்க தள்ளிட்டுப்போய் அக்கரையில விட்டுடறோம். பார்சல் பிரிக்க அவங்களுக்கு ஒரு வாரம் ஆகட்டும்."

கூட்டம் சிரித்தது. டெம்போவின் பின்புறம் முழுதும் மூடிய இரும்புப் பெட்டி. காற்றுக்கு ஒரு துளைகூடக் கிடையாது. உடைந்த விலாவோடு அதற்குள் எவ்வளவு நேரம் மூச்சு விட முடியும் என்று அவள் மனம் கணக்கிட்டது. மாட்டேன் என்றால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். வேறு பட்டறையிலிருந்து ஆளைக் கூட்டிவருவார்கள். அவன் கண்ணும் கருத்துமாகப் பற்றவைப்பான்.

"கையை விடுங்க. மெஷினை எடுக்கணும்" என்றாள்.

"பாத்தீங்களா? நம்ம தங்கச்சி!" என்றார் மில்காரர். அவர் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பு அல்ல.

இரண்டு பேர் அவனைத் தூக்கிப் பெட்டிக்குள் எறிந்தார்கள். அவள் கேபிளை இழுத்துவந்து, கதவுகளைச் சேர்த்துப் பிடிப்பவள்போல் இடுக்கில் முகத்தை வைத்தாள்.

"டெம்போ. கேக்குதா? பாலம் தாண்டி, சத்தம் அடங்கினப்புறம், காலால ஒரே உதை. அதுக்கு முன்னாடி உதைச்சிடாதீங்க."

உள்ளே, பல் உடைந்த வாயிலிருந்து ஏதோ குரல் வந்தது. 'சரி மேஸ்திரி' என்பதாக இருக்கலாம்.

"இப்பத் திரும்பிக்கோங்க" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கதவை மூடினாள்.

முகமூடியைக் கீழே இறக்கினாள். ராடைப் பொருத்தினாள். பதினொரு வருடப் பழக்கம், அந்தச் சொல் தானாகவே தொண்டைவரை வந்து நின்றது. அதே நேரத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் மில்காரரின் குரல் உயர்ந்தது.

"எல்லாரும் கிட்ட வாங்க. நல்லாப் பாருங்க. தியாகியோட பெண்டாட்டி தன் கையாலயே மூடுறா. நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லணும்ல?"

அவர்கள் கிட்ட வந்தார்கள். இரண்டு கை தூரத்தில் அரைவட்டமாக நின்றார்கள். யாரோ கேட்டார்: "கேட்டக்கா இன்னிக்குத் திரும்புன்னு கத்தலையே?"

"கத்தலைன்னா பாக்கலாம்னுதானேடா அர்த்தம்" என்றான் கொழுந்தன்.

அவள் சொல்லை விழுங்கினாள். ராடை இரும்பில் தொட்டாள்.

ஐந்து நிமிட வேலை அது. அவள் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாள். கதவின் ஒருபக்கத் தகட்டின் மேலேயே உலோகத்தை உருக்கிக் குவித்துக்கொண்டு போனாள். இடுக்கைத் தாண்டி மறுபக்கம் ஒட்டவிடவில்லை. பார்ப்பவருக்குத் தடித்த தழும்புபோல் தெரியும். உண்மையில் கதவைப் பிடித்திருந்தவை பொட்டளவான மூன்று ஒட்டுகள் மட்டுமே. அப்படி ஒரு மோசமான வேலையை அவள் யாருக்கும் செய்து கொடுத்ததில்லை. ஒரு ராடு தீர்ந்தது, அடுத்ததைப் பொருத்தினாள். வெள்ளை நீலமாக வெளிச்சம் எழுந்து எழுந்து அடங்கியது. அந்த வெளிச்சத்தில் நாற்பது வீட்டாரின் முகங்களும், திருப்தியோடு, சற்றே வாய் பிளந்து, இமைக்காமல் இருந்தன. முகமூடியின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் அழுதுகொண்டிருந்தாள். ஏழாவது ராடும் தீர்ந்தது. எட்டாவதையும் பொருத்தினாள்.

ஒரே ஒருமுறை முகமூடியைத் தூக்கி வியர்வையைத் துடைத்தாள். அப்போது பட்டறை வாசலில் நின்ற மாமியார் கண்ணில் பட்டாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். மாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெருவே திரும்பியிருக்கும். அவள் சொல்லவில்லை.

டெம்போவைத் தள்ளிக்கொண்டு கூட்டம் பாலத்தை நோக்கிப் போயிற்று.

விடிவதற்குள் தெரு முழுவதும் ஓலமாக இருந்தது. வீட்டுக்கு வீடு ஈரத்துணியைப் பிழிந்தார்கள். சுவரைத் தடவி நடந்தார்கள். தண்ணீர்க் குழாயில் யாரோ யார் குடத்தையோ உதைத்துவிட்டு, கண்ணைத் திறக்க முடியாமலேயே இருவரும் கட்டிப் புரண்டார்கள். மாமியார் சமையற்கட்டில் நின்றபடி, ஒரு பையை அவள் பக்கம் தள்ளினாள். உள்ளே இரண்டு புடவைகளும் கறுப்புக் கண்ணாடி முகமூடியும் இருந்தன.

"போறதுன்னா இப்பவே போ. போர்டை நான் பாத்துக்கறேன். அவன் என் பிள்ளை, உன் தலையில எதுக்கு?"

"அத்தை…"

"நான் திரும்பிட்டேன்டி. அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது."

அவன் பிழைத்திருந்தான். அக்கரை ஆஸ்பத்திரியில், கையில் மாவுக்கட்டோடும் விலாவில் இறுக்கிய துணியோடும் படுத்திருந்தான். பாலம் தாண்டி நூறு எண்ணி முடித்து ஒரே உதை உதைத்தானாம். கதவு பட்டென்று திறந்துகொண்டதாம். அவளைக் கண்டதும் வீங்கிய உதட்டை அசைத்தான்.

"மேஸ்திரி, வேலை ரொம்ப மட்டம்."

அவள் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் குலுங்கினாள்.

அந்த வட்டாரத்துக்கே ஆஸ்பத்திரி அது ஒன்றுதான். ஒன்பது மணிக்குத் தெரு வந்து சேர்ந்தது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஈரத்துணி கட்டிய கண்களோடு, நடைபாதை முழுதும் வரிசை நின்றது. டெம்போக்காரனிடம் விசாரித்துவிட்டு வெளியே வந்த இன்ஸ்பெக்டர் அந்த வரிசையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பல வருடங்களாக அந்தத் தெருவுக்குப் போய், ஒரே பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர் அவர்.

"என்ன டாக்டர் இது?"

"வெல்டிங் வெளிச்சம் சார். பயப்பட ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல சரியாயிடும். ஆனா இத்தனை பேரும் ஒரே இடத்துல, கிட்ட நின்னு, ரொம்ப நேரம் பாத்திருக்காங்க. ஏன்னுதான் புரியல."

இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. வரிசையின் முதலில் நின்ற மில்காரரிடம் போனார்.

"நேத்து நாலு மணிக்கு என்ன நடந்துச்சு பெரியவரே?"

பழக்கம் மில்காரரின் வாயைத் திறந்தது. "நான் எதையும் பாக்கலீங்க ஐயா" என்றார், கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிய.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "கதவைச் சாத்துங்க. ஒருத்தரும் வெளிய போகக் கூடாது" என்று காவலர்களுக்குச் சொன்னார்.

கதவு சாத்தப்படும் சத்தத்தில் அவள் வார்டிலிருந்து வெளியே வந்தாள். காலடி ஓசையை மில்காரர் அறிந்துகொண்டார். துணியை விலக்காமலே முகத்தை அவள் பக்கம் உயர்த்தினார்.

"தங்கச்சி… ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை. திரும்புன்னு ஒரு வார்த்தை."

"கதவுக்கு ஒரு அடிதானேண்ணே? என் கதவோட அடி அது."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்றுதான் எண்ணியிருந்தாள். அப்படி ஆகவில்லை. வரிசையின் கடைசியில், சுவரோடு ஒட்டி, தையல்கார அக்கா உட்கார்ந்திருந்தாள். துணி காய்ந்து அவள் இமைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவள் போய் அதை மெல்ல எடுத்து, குழாயில் நனைத்துப் பிழிந்து, மறுபடியும் கண்களின் மேல் வைத்தாள். விரல்களின் காய்ப்பை உணர்ந்தவுடன் அந்த உடல் விறைத்தது.

"நீயா?"

"ம்."

"நேத்து நான் ரெண்டு தடவை அடிச்சேன்ல?" என்றாள் தையல்கார அக்கா. "முதல் தடவை அடிச்சதை நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

"அப்புறமும் எனக்கு மட்டுமாவது சொல்லணும்னு தோணலையாடி?"

துணியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காவலர் ஒருவர் வரிசையில் ஒவ்வொருவராகப் பெயரும் கதவு எண்ணும் கேட்டுக்கொண்டு வந்தார். அவர் அருகே வந்து, கண் தெளிவாக இருந்த இவளைப் பார்த்து, "நீங்க யாரும்மா? இவங்க கூட வந்தவங்களா, அந்த ஆள்கூட வந்தவங்களா?" என்றார்.

அவளுடைய ஒரு கை இன்னும் துணியின் மேல் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

"அந்த ஆள்கூட வந்தவ" என்றாள். "இவங்க நாற்பது கதவையும் எனக்குத் தெரியும். எழுதிக்கோங்க."

அவள் உள்ளங்கையின் கீழ், துணிக்கு அடியில், அந்தக் கண்கள் இறுக மூடிக்கொண்டன.